இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் ஆக்டேவியா: பிரேக், சஸ்பென்ஷன் அனுபவங்கள்

டிராக் டேக்கு, அதாவது பந்தயக் களத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, காரைத் தயார் செய்ய வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஆறு பிஸ்டன் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட் என்ற பட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) என்ன விலை என்பதைத்தான். அலாய் சக்கரத்துக்குள்ளிருந்து சிவப்பாக எட்டிப்பார்க்கும் அந்தப் பொருளுக்கு ஒரு கவர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிரேக் பிடிக்காமல் களத்தோர மணலில் இறங்கியவர்களை நான் பார்த்தவரையில், காலிப்பர் சிறியதாக இருந்த காரணத்தால் இறங்கியவர் ஒருவரும் இல்லை. பிரேக் ஆயில் கொதித்து இறங்கினார்கள், பேட் எரிந்து இறங்கினார்கள். பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம் வருகிறது.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2017இல் இந்தியாவுக்கு வந்த 230 குதிரைத்திறன் மாடல். வார நாட்களில் அலுவலகத்துக்கும், வாய்ப்புக் கிடைக்கும்போது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்துக்கும் போவது இதே கார்தான். நான் பந்தயக்காரன் அல்லன். டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வசதியும் இல்லை. காலையில் ஓட்டிக்கொண்டு போன காரை மாலையில் ஓட்டிக்கொண்டே வீடு திரும்ப வேண்டும். கீழே எழுதியிருக்கும் எல்லாவற்றையும் அந்த நிபந்தனையோடு படியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அந்தக் களம் 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். அதற்கு முன்பு சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில், பந்தயம் பார்த்த பெரியவர்கள் இன்னும் பேடக்கில் (கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்து உட்கார்ந்திருப்பார்கள். நம் காரின் பிரேக் வாசனையை வைத்தே "அடுத்த முறை உள்ளே போகாதே தம்பி" என்று சொல்லக்கூடியவர்கள். சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

சாலையில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் களத்தில் ஏறும் சூடு ஏறாது. கணக்குப் போட்டாலே தெரியும். ஓட்டுபவரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை 160 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறக்கினால், சில விநாடிகளில் சுமார் 11 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். அதில் எழுபது சதவீதமாவது முன் பிரேக்குகளின் தலையில் விழும். ஒரு முன் டிஸ்க் 9 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் அதன் சூடு 90 டிகிரி அளவுக்கு ஏறுகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சென்னை வெயிலில் சுற்றிலும் இருக்கும் காற்றும் பெரிதாக உதவுவதில்லை.

பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. மிதி கெட்டியாகவே இருக்கும், பலம் கொண்டமட்டும் மிதித்தாலும் வேகம் குறையாது. அது பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தது. மற்றது, மிதி மெத்தென்று உள்ளே போய்த் தரையைத் தொடும். அது ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி நிற்பது. எது நடந்தது என்று காலுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இது தெரியாமல், ஆயில் கொதித்ததற்குப் பேடை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர், எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டியிருந்தார். சில சுற்றுகள் அருமையாகப் போனார். பிறகு வேகமான ஒரு பகுதியின் முடிவில் மிதித்தபோது மிதி தரைக்குப் போய்விட்டது. படபடவென்று இரண்டு மூன்று முறை அடித்து மிதித்ததில் கொஞ்சம் அழுத்தம் வந்தது. கியரையும் இறக்கி, கடைசியில் மணலில் போய் நின்றார். காருக்கும் அவருக்கும் காயமில்லை.

பேடக்கில் முன் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் நிப்பிளில் உள்ளே தெரியும் ஒரு குழாயைச் செருகி ஏர் எடுத்தோம், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். அவர் உள்ளே மிதிக்க, நான் கீழே ஸ்பேனரோடு இருந்தேன். முதலில் வந்த ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. பின்னாலேயே சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் ஏறின. விசாரித்தால், புது காலிப்பர் மாட்டிய பட்டறை, பழைய ஆயிலோடு கொஞ்சம் புது ஆயிலை ஊற்றி நிரப்பி அனுப்பியிருக்கிறது. காலிப்பருக்குக் கொடுத்த பணத்தில் நூறில் ஒரு பங்கு ஆயிலுக்குப் போயிருந்தால் அன்று அவர் மணல் அள்ளியிருக்க வேண்டியதில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 இருந்தால் போதும் என்கிறது தரவிதி. அந்த இடைவெளியில்தான் நம் மிதி தொலைகிறது. களத்துக்கென்றே வரும் ஆயில்கள் வேறு ரகம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கையில் 312 டிகிரி வரை தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் ஏறியபின்னும் 270ஐத் தொடும், விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். நான் முதலாவதைத்தான் ஊற்றுகிறேன், களத்துக்குப் போகும் வாரத்தில் மாற்றிவிடுகிறேன். கடலோர ஊரில் இருந்துகொண்டு, திறந்த பாட்டிலைப் பாதி மீதம் வைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று: டாட் 5 என்பது சிலிக்கான் வகை. எண் பெரியது என்று அதை வாங்கி வந்தவரைப் பார்த்திருக்கிறேன். ஏபிஎஸ் உள்ள நம் கார்களில் அது கூடவே கூடாது. 5.1 வேறு, 5 வேறு.

அடுத்தது பேட். கம்பெனி பேட் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்க வேண்டும், சத்தம் போடக்கூடாது, டிஸ்க்கைத் தின்னக்கூடாது. களத்துச் சூட்டைத் தாங்குவது அதன் வேலையே இல்லை. என் காரில் கம்பெனி பேடோடு ஓட்டிய காலத்தில் அதை வெளியே எடுத்துப் பார்த்தபோது, ஓரம் சாம்பல் நிறமாக வெளுத்து, விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது. பேடின் பின்தகட்டில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. காலிப்பர் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை மொறமொறப்பாகி வெடிக்கத் தொடங்கியிருந்தது. பேடைப் பார்க்கும் பலர் இந்த ரப்பரைப் பார்ப்பதில்லை. அதில் வெடிப்பு விட்டால் மழைக்காலத்தில் தூசியும் நீரும் உள்ளே போய்ப் பிஸ்டன் இறுகிவிடும்.

இப்போது ஃபெரோடோ டிஎஸ்2500 பேட் ஓடுகிறது. வீட்டிலிருந்து ஓட்டிப் போகிறவர்களுக்கு இதுதான் நடுவழி என்பேன். சிக்னலில் நிற்கும்போது கிரீச்சிடும், அலாய் முழுக்கக் கருந்தூள் படியும். வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பந்தயப் பேடைப் போட்டுக்கொண்டு சாலையில் ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது முதல் மிதியில் அது பிடிக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வரும்.

புது பேடைப் பழக்கப்படுத்தாமல் களத்துக்குள் போகக்கூடாது. ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை அழுத்திக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பிறகு ஆறும்வரை ஓட்ட வேண்டும். டிஸ்க்கின்மேல் பேடின் பொருள் சீரான ஒரு படலமாகப் படிய வேண்டும், அதற்காகத்தான் இது. சூடாக இருக்கும்போது மிதியை அழுத்தியபடியே நின்றுவிட்டால் பேட் இருந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்துவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறும். உடனே "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று லேத்தில் கொடுத்துச் சீவி, டிஸ்க்கை மெலிதாக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது வளைவே அல்ல. இதே காரணத்தால்தான் களத்தோரம் கார் நிற்கும் பிட்டுக்கு வந்தவுடன் ஹேண்ட்பிரேக் போடக்கூடாது என்பது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வெளியே வருவதற்கு முந்திய சுற்று முழுவதையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.

டிஸ்க் எவ்வளவு சூடேறுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அதன் ஓரத்தில் பூசும் வெப்ப வண்ணம் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560இலும், சிவப்பு 610இலும் நிறம் மாறிவிடும். என் காரில் பச்சை மாறியிருந்தது, ஆரஞ்சு அரைகுறை, சிவப்பு அப்படியே. அந்த மூன்று கோடுகளைப் பார்த்தபிறகுதான் பெரிய டிஸ்க் எனக்குத் தேவையில்லை என்று முடிவெடுத்தேன். பம்பரின் கீழ்ப்பக்கத்திலிருந்து காற்றை உள்ளே தள்ளும் சிறு தடுப்புகளும், எஃகு வலை போர்த்திய பிரேக் குழாய்களும் போதுமானதாக இருந்தன. குழாய்கள் பிரேக் தூரத்தைக் குறைப்பதில்லை. மிதியின் உணர்வு துல்லியமாகிறது, அவ்வளவுதான்.

ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. எக்ஸ்டிஎஸ் என்ற ஏற்பாடு வளைவில் உள்பக்க முன் சக்கரத்தின் பிரேக்கைத் தானே பிடித்துக் காரைத் திருப்ப உதவுகிறது. சாலையில் நல்ல வேலை. களத்தில், நாம் மிதிக்காதபோதும் முன் பிரேக் சூடாகிக்கொண்டே இருக்கும். வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் பொறுத்திருப்பவர்களின் பேட் அதிக நாள் வருகிறது.

சஸ்பென்ஷனுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. காரைத் தாழ்த்தினால் வேகம் கூடும் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை.

கோவை நண்பர் ஒருவர் தன் வர்ச்சுஸ் ஜிடியில் ஸ்பிரிங் மட்டும் மாற்றி நன்றாகத் தாழ்த்திக்கொண்டு செட்டிபாளையம் கரி களத்துக்குப் போனார். படத்துக்கு அழகாக இருந்தது. வளைவின் நடுவில் முன்பக்கம் திடீரென்று வழுக்கி வெளியே இழுத்தது, வரும்போது டயரின் வெளித்தோள் எழுத்துகள்வரை தேய்ந்திருந்தது. நடந்தது இரண்டு விஷயம். ஒன்று, தாழ்ந்த காருக்கு ஷாக்கில் மிச்சமிருந்த ஓட்டம் குறைவு. வளைவில் சாய்ந்ததும் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக்கின் ஓட்டம் முடியும் இடத்தில் இருக்கும் தடுப்பு) போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங் பல மடங்கு விறைப்பானதற்குச் சமம், டயர் பிடியை விட்டுவிடும். இரண்டாவது, முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்: மேலே ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண், கீழே சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். பிறகு கார் சாயச் சாய, சக்கரம் நமக்கு வேண்டிய திசைக்கு எதிராகச் சாயும். சாய்வு மையம் (கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குவதால், தாழ்ந்த கார் முன்பைவிட அதிகமாகச் சாயவும் கூடும்.

அவருக்குத் தேவைப்பட்டது கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம். மேல்முனை உள்பக்கம் சாய்ந்தால் மைனஸ். கம்பெனியிலிருந்து வரும்போது முன் சக்கரங்கள் ஏறத்தாழ நேராக நிற்கும். களத்துக்கு மைனஸ் இரண்டு, இரண்டரை டிகிரி இருந்தால் வளைவில் டயர் முழு அகலத்தையும் தரையில் பதிக்கும். ஸ்ட்ரட்டின் மேல்முனையில் போடும் கேம்பர் பிளேட் இதைச் செய்துவிடும். உள்தோள் தேய்ந்துவிடுமே என்பார்கள். அலைன்மென்டில் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரியாக இருந்தால் கேம்பர் மட்டும் டயரை அவ்வளவு தின்பதில்லை. என் முன் டயர்களே சாட்சி.

பின்னால் விறைப்பான ஸ்டெபிலைசர் பார் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து, கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஒன்று போட்டேன். முன்சக்கர இழுவைக் காரில் செலவுக்கேற்ற பலன் தரும் வேலை இது. கார் மூக்கைத் திருப்ப மறுப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் வளைவுக்குள் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எட்டிப்பார்க்கும். மழை நாளில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் போட்டவர்களிடம் ஒரு பழக்கம்: ஷாக்கின் குமிழைத் திருகி முழு விறைப்பில் வைத்துக்கொண்டு களமிறங்குவது. மேடுபள்ளத்தில் டயர் தரையைத் தொடாமல் தத்திக்கொண்டே போகும். பேடக்கில் ஓர் இளைஞரின் காரில் பாதிக்குமேல் இளக்கிவிட்டோம், வேறெதையும் தொடவில்லை. திரும்பி வந்தவர் நேரத்தைச் சொல்லவில்லை, "இப்போது பயமில்லாமல் திரும்புகிறது அண்ணா" என்றார்.

காற்றழுத்தத்துக்கு ஒரு வரி போதும்: சூடேறினால் ஆறேழு பிஎஸ்ஐ ஏறும், அதனால் குறைவாக நிரப்பிக்கொண்டு உள்ளே போய், வந்ததும் சூட்டோடு அளந்து சரிசெய்யுங்கள். வீடு திரும்பும்முன் மறுபடி ஏற்ற மறக்க வேண்டாம்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அதன்மேல் 2019இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளர் கொடுத்த அளவீடுகளிலிருந்து வண்டியை மாற்றுவதில் கறாரானவை. பேடும் ஆயிலும் தேயும் பொருள்கள், அவற்றில் சிக்கலில்லை. பெரிய காலிப்பரும் காயில்ஓவரும் அப்படியல்ல. நம் வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்று எழுதியே இருக்கும். சுவரில் இடித்தால் செலவு முழுக்க நம்முடையது.

நான் இன்னும் போட்டுப் பார்க்காதது, சாய்வு மையத்தைச் சரிசெய்யும் நீள பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). களத்தில் நன்றாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நம் ஊராட்சிச் சாலைகளில், வர்ணம்கூட அடிக்காத வேகத்தடைகளில் அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்பதுதான் கேள்வி. தினமும் ஓட்டும் காரில் போட்டவர்கள் யாராவது இருந்தால், எப்போது ஆட்டம் கொடுத்தது என்று எழுதுங்கள்.