எலும்புப் பிடி வில்லுக்கத்திக்கு நிறம் ஏற்றுவது எப்படி?

கேள்வி (கல்லடி):
அப்பப்பாவின் பழைய வில்லுக்கத்தி (மடக்குக் கத்தி), இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது, அலகு இன்னும் நல்லாயிருக்கு. எலும்புப் பிடிதான் வெளிறிப்போய், ஆணிப் பக்கம் மயிரளவு வெடிப்பும் விட்டிருக்கு. பழைய மண்ணிறத்தைக் கொண்டுவர என்ன செய்யலாம்? கொதிநீரில் ஊறவைக்கலாமா?

பதில் 1 (களுவாஞ்சிகுடி):
தம்பி, தயவுசெய்து கொதிக்க வைக்காதீங்க. எலும்பு நுண்துளை உள்ளது, தண்ணியைக் குடித்து உப்பி, காயும்போது சுருங்கி அந்த வெடிப்பை ஆணிவரைக்கும் கொண்டுபோகும். வெடிப்பில் மெல்லிய சூப்பர் குளூ ஒரு துளி விடுங்க, தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் காயவிட்டு 600, பிறகு அதைவிட நைசான 1000 நம்பர் சாண்ட் பேப்பரால் மெதுவாகத் தேயுங்க. எலும்புத் தூசி நெஞ்சுக்குக் கூடாது, மாஸ்க் கட்டாயம். நிறத்துக்கு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் தூரிகையால் பூசினால் முதலில் ஊதாவாகத் தெரியும், அப்புறம் மண்ணிறமாக மாறும். கையுறை போடுங்க. பசை பட்ட இடத்தில் மட்டும் நிறம் பிடிக்காது, அதனால் வழிந்ததை முதலே தேய்த்து எடுக்கணும்.

பதில் 2 (அக்கரைப்பற்று):
நான் கடும் தேயிலைச் சாயம்தான் பூசுவேன், நிறம் மென்மையாக வரும். ஆனால் கத்தியைச் சாயத்துக்குள் போடாதீங்க, பிடிக்குள் இருக்கும் வில்லுக்குள் (ஸ்பிரிங்) ஈரம் போனால் நம்ம கடற்காற்றுக்குத் துரு உடனே பிடிக்கும். கடைசியில் மினரல் ஒயில். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை வரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணன்மாரே. முதலில் வெடிப்பை ஒட்டிவிட்டு, தேயிலையில் தொடங்குறேன். அவர் விரல் பட்டுத் தேய்ந்த பள்ளத்தை மட்டும் தேய்க்கமாட்டேன்.