பிரான்ஸ்ல ஒரு கிராமத்துக் கோயில் தூண்ல யானை! 900 வருஷம் முன்னாடி எப்படி?

முத்தியால்பேட்டையான்:
எங்க சித்தி குடும்பம் பிரான்ஸ்ல செட்டில், தாத்தா சொல்தாவா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல சிப்பாயா இருந்தாரு, அந்த வழில போனவங்க. லீவுக்கு லா ரொஷேல் பக்கம் போனவங்க அங்கேர்ந்து உள்ள தள்ளி ஓனேன்னு ஒரு கிராமத்துல இருக்கிற இராயப்பர் (புனித பேதுரு) சர்ச்சப் பாத்துட்டு வாட்ஸப்ல போட்டோவா அனுப்பித் தள்ளுறாங்க. 12ம் நூற்றாண்டாம். ஊருக்கு வெளில கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல நிக்குது. அதுல ஒரு தூணோட தலைல யானை செதுக்கியிருக்கான், யானை மாதிரியும் இருக்கு, யானை இல்லாத மாதிரியும் இருக்கு, மேல லத்தீன்ல ஏதோ எழுத்து வேற. அந்தக் காலத்துல அங்க யானைக்கு எங்க போனான்? இன்னொண்ணு, உள்ள ஒரே இருட்டு. நம்ம பாண்டிச்சேரி ஸ்டேஷன் எதிர்ல இருதய ஆண்டவர் கோயில் எவ்ளோ பளிச்னு கலர் கண்ணாடியோட இருக்கு, அதுவும் பிரெஞ்சு ஸ்டைல்தானே, இது ஏன் இப்படி?

கெடிலக்கரை:
அந்த யானைத் தூண் ரொம்ப ஃபேமஸ் தம்பி. மேல இருக்கிற எழுத்து "இவை யானைகள்"னு சொல்லுது, அவ்ளோதான். பாக்குறவன் இது என்ன மிருகம்னு முழிப்பான்னு சிற்பிக்கே தெரிஞ்சிருக்கு, அதான் பேரை எழுதி வச்சுட்டான். அப்பர் மேல யானைய ஏவி விட்ட ஊர்க்காரன் நான், எங்களுக்கு யானைக்குப் பேர் எழுதணும்னா சிரிப்பு வரும், ஆனா அவனுக்கு வேற வழி?

நேர்ல பாத்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் சார்லமேன் ராஜாவுக்கு ஒரு யானை அனுப்பினாரு, 802ல ஆகன் அரண்மனைக்கு வந்து சேந்துச்சு, 810ல செத்துப்போச்சு. இந்தக் கோயில் கட்டினது 1120, 1140 வாக்குல, அதாவது முந்நூறு வருஷம் கழிச்சு. அப்புறம் பிரெஞ்சு ராஜா ஒன்பதாம் லூயி இங்கிலாந்து ராஜாவுக்கு யானை குடுத்தது 1255ல, அத லண்டன்ல கூட்டம் கூட்டமாப் போய்ப் பாத்தாங்க. அப்போ நடுவுல பொறந்தவன் ரெண்டு வழிலதான் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு மிருகங்களப் பத்தி சாமியாருங்க படத்தோட எழுதி வச்ச புஸ்தகம். இன்னொண்ணு பட்டுத்துணி, கிழக்கேர்ந்து வர்ற பட்டுல யானை உருவம் நெய்திருக்கும், அத அர்ச்சிஷ்டவங்க (புனிதர்கள்) எலும்பச் சுத்தி வைக்க வாங்குவாங்க. பாரசீகத்துப் பக்கம் குராசான்ல 10ம் நூற்றாண்டுல நெய்த யானைப் பட்டு ஒண்ணு பிரான்ஸ்ல ஒரு மடத்துல இருந்து இப்போ லூவர் மியூசியத்துல இருக்கு.

சும்மா_வந்தவன்:
நம்ம ஊர் சிற்பி யாராவது கப்பல்ல போயிருப்பாங்களோ? சோழர் காலம்தானே அது 😀

கெடிலக்கரை:
காலம் சரிதான், விக்கிரம சோழன் ஆட்சி 1118லேர்ந்து 1135, அதே சமயத்துல இங்க சோழர் தளபதி நரலோகவீரன் சிதம்பரத்துலயும் திருவதிகையிலயும் திருப்பணி பண்ணி வெண்பாவாவே கல்லுல வெட்டி வச்சுட்டுப் போயிருக்கான். ஆனா அந்த யானையப் பாருங்க, நம்ம ஆள் செஞ்சிருந்தா அப்படி இருக்குமா? தாராசுரத்துல ஒரே தலைல காளையும் யானையும் தெரியிற மாதிரி விளையாடுறவன், பாகன் கிட்ட நின்னு பாத்துப் பழகினவன். ஓனே சிற்பி தெரியாத மிருகத்த தைரியமா செஞ்சிருக்கான், எனக்கு அந்த தைரியம்தான் பிடிக்குது. எதுக்கெடுத்தாலும் தமிழன் போனான்னு ஆரம்பிக்காதீங்க பா.

பாகூரான்:
சிவில் படிச்சவன், இருட்டு மேட்டர் நான் சொல்றேன்.

எங்க ஊர் மூலநாதர் கோயில்ல தூண் மேல உத்திரம், உத்திரத்து மேல கல்பலகை, எல்லா பாரமும் நேரா கீழ எறங்கும், சுவர வெளில தள்ளாது. ஆனா தூணுக்குத் தூண் இடைவெளி கம்மியாத்தான் வைக்க முடியும், ஏன்னா பலகைக் கல்லு நீளமாப் போனா நடுவுல விட்டுக்கும். ஓனேல கூரையே கல்லு வளைவு, பீப்பாயப் பாதியா வெட்டிக் கவுத்த மாதிரி, உச்சி மட்டும் லேசா கூர். இதுல அகலமான எடத்த மூடலாம் ஆனா கூரையோட பாரம் ரெண்டு பக்கமும் சுவரத் தள்ளிக்கிட்டே இருக்கும், சாகற வரைக்கும் தள்ளும். அந்தத் தள்ளல நிறுத்த என்ன பண்ணிருக்கான்னா நடுக்கூடத்துக்கு ரெண்டு பக்கமும் ஓடுற பத்தியையும் (நடைபாதை மாதிரி பகுதி) கிட்டத்தட்ட நடுக்கூரை ஒசரத்துக்கே தூக்கி அதோட வளைவால நடுவுல இருக்கிறத இறுக்கிப் புடிச்சுட்டான். நல்ல ஐடியாதான், ஆனா நடுச்சுவர்ல மேல ஜன்னல் வைக்க எடமே போச்சு. வெளிச்சம் ஓரச் சுவர்லேர்ந்து பத்தியத் தாண்டித்தான் நடுவுக்கு வரணும், அந்தச் சுவரும் தடி, அதுல பெரிய ஓட்டை போட பயம். இதுதான் ரோமனெஸ்க்னு சொல்ற பழைய கட்டடப் பாணி. முன்பக்கச் சுவருக்குப் பிற்பாடு 15ம் நூற்றாண்டுல தடித்தடியா முட்டுச்சுவர் குடுத்திருக்காங்க, போட்டோல தெரியும் பாருங்க.

இருதய ஆண்டவர் கோயில் 1902ல ஆரம்பிச்சு 1907ல முடிச்சது, ரோமனெஸ்க்குக்கு அப்புறம் வந்த கோதிக் பாணிய பாத்து 20ம் நூற்றாண்டுல கட்டினது. கோதிக்ல கூரை பாரத்த விலா எலும்பு மாதிரி கோடுகள் வழியா குறிப்பிட்ட தூணுக்குக் கொண்டு போய் எறக்கிடுவான், நடுவுல சுவருக்கு வேலை கம்மி, அதனால கண்ணாடி போடலாம். ரெண்டும் பிரெஞ்சுதான், நடுவுல எட்டு நூறு வருஷம் போயிருக்கு.

முத்தியால்பேட்டையான்:
சூப்பர்ண்ணா, இப்போ புரியுது. தெற்கு வாசல் மேல வளைவு வளைவா குட்டி குட்டி ஆளுங்க இருக்காங்களே அது என்ன? சித்தி எண்ணிப் பாத்து முப்பத்தி ஒண்ணு வருதுங்கிறாங்க, தாடியோட எல்லாம் பாட்டில் கையில வச்சிருக்காங்களாம்.

நெல்லித்தோப்பு_அக்கா:
பாட்டில் இல்லப்பா, தூபக் கிண்ணமும் வீணை மாதிரி ஒரு வாத்தியமும். பைபிளோட கடைசிப் புஸ்தகம் திருவெளிப்பாடு ஆகமத்துல கடவுளோட அரியணையச் சுத்தி உக்காந்திருக்கிற மூப்பர்ங்க. அங்க 24 பேருதான், ஆனா இவங்க வளைவுக்கு எத்தன கல்லு வேணுமோ அத்தன பேரச் செதுக்கிட்டாங்க, கல்லுக்கு ஒருத்தர். எங்க பங்குல இப்படிப் பண்ணியிருந்தா ஃபாதர் சும்மா விட்டிருக்க மாட்டாரு. அதுக்கு மேல இருக்கிற கடைசி வளைவ ஜூம் பண்ணச் சொல்லு, பூரா மிருகம், ஒரு கழுதை வாத்தியம் வாசிக்குது! கோயில் வாசல்லயே கிண்டல்.

அது சின்ன ஊரா இருந்தும் இவ்ளோ வேலைப்பாடு எப்படின்னா, ஸ்பெயின்ல சந்தியாகப்பர் (இயேசுவோட சீடர் யாக்கோபு) கல்லறைக்கு நடந்து போற வழில இருக்கு, நம்ம வேளாங்கண்ணிக்கு நடக்கிறோமே அப்படிக் கூட்டம். 1998ல அந்த யாத்திரை வழியோட சேத்து யுனெஸ்கோ லிஸ்ட்லயும் போட்டாங்க. கல்லறைத் தோட்டத்துல ஒசரமா ஒரு கல் சிலுவை இருக்கும், அது 15ம் நூற்றாண்டு, ஓசன்னா சிலுவைம்பாங்க, குருத்தோலை ஞாயிறுக்கு ஊர்வலம் அங்கதான் வந்து நிக்கும். சித்தி அத போட்டோ எடுத்தாங்களான்னு கேளு.

முத்தியால்பேட்டையான்:
எடுத்திருக்காங்கக்கா, ஆனா சிலுவை பாதிதான் தெரியுது, மீதில சித்தப்பா நிக்கிறாரு.