அடுத்த பெருந்தொற்றுக்கு வீட்டில் எப்படி ஆயத்தமாவது?

கேள்வி:
2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டபோது, எங்கள் குடும்பம் எந்த ஆயத்தமும் இன்றித் தவித்தது. என்னுடன் வசிக்கும் தாயாருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளன. இன்னொரு தொற்று பரவினால், பீதியில் பொருள்களை வாங்கிக் குவிக்காமல் இருக்க, இப்போதே எவற்றைச் செய்து வைக்கலாம்?

பதில் 1:
முதலில் தாயாரின் மருந்துகளைக் கவனியுங்கள். மருத்துவரிடம் கேட்டு, ஒரு மாதத்துக்கான மாத்திரைகள் எப்போதும் கையிருப்பில் இருக்குமாறு, பழையவற்றை முதலில் பயன்படுத்திப் புதியவற்றைப் பின்னால் வைத்து வாருங்கள். அதைவிட முக்கியமானது, நோயுற்றவர் தனித்திருப்பதற்குச் சன்னல் உள்ள ஓர் அறையையும், அவரைக் கவனிக்கப்போகும் ஒருவரையும் முன்னரே முடிவு செய்துகொள்வது. எங்கள் வீட்டில் இதைத் தீர்மானிக்காததால், ஒருவருக்கு வந்த காய்ச்சல் மூன்றே நாளில் அனைவருக்கும் பரவியது.

பதில் 2:
வெப்பமானி, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், நன்கு பொருந்தும் முகக்கவசங்கள், குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி ஆகியவை போதும். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிமீட்டர் தவறான அளவைக் காட்டக்கூடும் என்பதால், மூச்சுத்திணறல் தெரிந்தால் எண்ணை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரை நாடுங்கள். சோப்பால் 20 விநாடிகள் கை கழுவுவதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அறையைப் பற்றி நான் எண்ணியே பார்க்கவில்லை. தடுப்பூசி விவரங்களையும் மருந்துச்சீட்டுகளையும் ஒரே உறையில் சேர்த்து வைக்க இன்றே தொடங்குகிறேன்.

பதில் 3:
அந்த உறையில் தாயாரின் ஒவ்வாமைகளையும் எழுதி வையுங்கள். அவசரத்தில் அழைத்துச் செல்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.