16 வயசுப் பொண்ணுக்கு எந்த வண்டி: தாத்தாவோட டிவிஎஸ் 50, "லைசென்ஸ் வேண்டாத" பேட்டரி ஸ்கூட்டர், சைக்கிள்ல மோட்டார்?

அமராவதிக்கரை:
பொண்ணு ப்ளஸ் ஒன். போன மாசம் 16 முடிஞ்சது. ஸ்கூலும் டியூஷனும் சேர்த்து நாளைக்கு 14 கிலோமீட்டர் ஆகுது, டவுன் பஸ் நேரம் ஒத்து வரலை. மூணு யோசனை இருக்குங்க.

ஒண்ணு, வீட்ல நிக்கிற டிவிஎஸ் 50. 1996 பதிவு, ஆர்சி 2011-லயே முடிஞ்சுபோச்சு. வண்டி எங்க அப்பா பேர்ல இருக்கு, அவர் 2019-ல தவறிட்டார். ரெண்டாவது, ஷோரூம்ல காட்டுன பேட்டரி ஸ்கூட்டர். "250 வாட், லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்"னு சொல்றாங்க. மூணாவது, இப்ப ஓட்டுற சைக்கிள்லயே மோட்டார் கிட் மாட்டுறது.

இதுல எது சட்டப்படி சரி? போலீஸ் நிறுத்தினா என்ன காட்டணும்?

எல்போர்டு:
சார், முதல்ல வயசுக் கணக்கைப் பார்த்துடலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 4-படி பொது இடத்துல மோட்டார் வாகனம் ஓட்ட 18 ஆகணும். விலக்கு ஒண்ணே ஒண்ணுதான்: எஞ்சின் 50 சிசிக்கு மேல போகாத மோட்டார் சைக்கிளை 16 முடிஞ்சவங்க ஓட்டலாம். அதுக்கும் லைசென்ஸ் வேணும். 18-க்குக் கீழ இருக்கிறதால பிரிவு 7-படி நீங்க எழுத்துல சம்மதம் தரணும், அது இல்லாம எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) கிடைக்காது.

ஆக, டிவிஎஸ் 50 வழி திறந்துதான் இருக்கு. ஆனா பேர்ல 50 இருக்குங்கறது கணக்குல வராது. ஆர்சியில கியூபிக் கெபாசிட்டி கட்டத்துல என்ன எண் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

மொபெட்_மணி:
எதுக்கு இவ்ளோ குழப்பம்? புது எக்ஸ்எல் 100 எடுத்துக் குடுங்க சார். ஆர்சியிலயே மொபெட்னுதான் போடுவாங்க, 16 வயசு லைசென்ஸ் போதும்.

எல்போர்டு:
மணி அண்ணா, நிறைய வீட்ல நடக்கிற தப்பு இதுதான். ஆர்சியில மொபெட்னு இருந்தாலும் சட்டம் பார்க்கிறது சிசியை. எக்ஸ்எல் 100-க்கு 99.7 சிசி. பழைய எக்ஸ்எல் சூப்பரே 69.9. ரெண்டும் 16 வயசுக்கு ஆகாது. கியர் இல்லாத வண்டிங்கறது லைசென்ஸ் வகையைத்தான் மாத்தும், வயசை மாத்தாது.

பிடிபட்டா விளைவு சின்னதில்லை. 2019 திருத்தத்துல வந்த பிரிவு 199ஏ-படி பெற்றோர் அல்லது வண்டி ஓனருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியோட பதிவு 12 மாசத்துக்கு ரத்து. ஓட்டின பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. இதுல கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிசாப் படுது. காலேஜ் முடிச்சு வேலைக்குப் போற வயசுலயும் வண்டி ஓட்ட முடியாது. பிள்ளைகிட்ட எல்எல்ஆரோ லைசென்ஸோ இருந்து, அந்த வகை வண்டியைத்தான் ஓட்டினா இந்தப் பிரிவு பெற்றோர் மேல பாயாது.

அமராவதிக்கரை:
ஆர்சி புக்கைப் பார்த்தேங்க, சிசி 50-க்குள்ளதான் இருக்கு. அப்பா இறந்ததை ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லவே இல்லை. இன்சூரன்ஸ் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சுன்னே தெரியலை.

படிவம்31:
அப்ப ரெண்டு வேலை இருக்கு: வாரிசுப் பேருக்கு மாத்துறது, ஆர்சியைப் புதுப்பிக்கிறது. ஒர்க்‌ஷாப்ல ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி பேப்பர் கணக்கை முடிச்சுடுங்க.

ஓனர் இறந்தா 30 நாள்ல பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும், 3 மாசத்துல படிவம் 31 குடுக்கணும்னு விதி 56 சொல்லுது. தாண்டிட்டீங்க, அபராதத்தோட வாங்குவாங்க. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஒரிஜினல் ஆர்சி, இன்சூரன்ஸ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்த கடிதம் இதெல்லாம் வேணும். பெரும்பாலும் கடைசிக் கடிதத்துலதான் இழுக்கும். வெளியூர்ல இருக்கிற அத்தை, சித்தப்பா கையெழுத்தை முதல்லயே வாங்கி வெச்சுக்கோங்க. வண்டி உங்க பேருக்கு வரட்டும். பொண்ணு மைனர்ங்கறதால அவ பேருக்கு மாத்தினாலும் சட்டத்தோட கண்ணுல கார்டியன்தான் ஓனர்.

பதிவு 15 வருஷம் செல்லும், அப்புறம் 5 வருஷமா நீட்டலாம். அதுக்குப் படிவம் 25. டெல்லி மாதிரி பழைய வண்டியை வயசை வெச்சே ஒதுக்குற தடை தமிழ்நாட்டுல இல்லை. ஆனா கட்டணத்தைப் பாருங்க. 20 வருஷம் தாண்டின டூவீலரைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட்ல 2,000 ரூபாய் ஆக்கினாங்க. அதுக்கு மேல, தாமதமான ஒவ்வொரு மாசத்துக்கும் 300 ரூபாய்னு மத்திய விதியில இருக்கு. உங்க வண்டிக்கு எத்தனை மாசம் கணக்குல வருதுன்னு மத்திய அரசோட வாகன் இணையதளத்துல விண்ணப்பத்தைத் தொடங்கினாலே கட்டணப் பக்கத்துல காட்டும். பழைய வண்டிக்கான கிரீன் டாக்ஸ் தனி. மொத்தத்தைப் பார்த்துட்டு முடிவெடுங்க.

ஆய்வுக்கு வண்டியை நேர்ல கொண்டு போகணும். சேஸிஸ் நம்பர் மேல துருப் பிடிச்சிருந்தா மண்ணெண்ணெய் தொட்ட துணியால மெதுவாத் துடைங்க, சாண்ட் பேப்பர் போடாதீங்க. எழுத்து மழுங்கிட்டா பென்சில் வெச்சு எடுக்கிற அச்சு விழாது, வண்டி மேலயே சந்தேகம் வந்துடும். ஹாரன், ஹெட்லைட், பிரேக் லைட், ரெண்டு பிரேக், கண்ணாடி எல்லாம் வேலை செய்யணும்.

டூஸ்ட்ரோக்:
புகைச் சான்று பத்தி ஒரு வார்த்தை. 2000 மார்ச் 31 வரைக்கும் தயாரான டூவீலருக்கு ஐட்லிங்ல (வண்டி நின்னு எஞ்சின் மட்டும் ஓடும்போது) கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. அதனால வயசான வண்டியாலயும் பாஸ் ஆக முடியும். ஃபெயில் ஆகுறது பெரும்பாலும் மூணு காரணத்தால: பெட்ரோலோட கலக்கக் கையால ஊத்துற 2டி ஆயில் கூடிப்போறது, சைலன்சர்ல கரி அடைச்சுக்கிறது, ஏர் ஃபில்டர் அழுக்கு. டேங்க்ல கிடக்கிற பழைய பெட்ரோலைக் காலி பண்ணி, சைலன்சரைக் கழட்டிக் கரியைச் சுரண்டி, அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி எஞ்சின் சூடான பிறகு டெஸ்டுக்கு விடுங்க. ஜில்லுனு இருக்கிற எஞ்சின்ல எடுத்தா ரீடிங் எகிறும்.

எல்போர்டு:
வரிசை முக்கியம் சார். எல்எல்ஆர் 6 மாசம்தான் செல்லும். எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்டுக்குப் போகலாம். அந்த டெஸ்டுக்கு அதே வகை வண்டியை, உயிரோட இருக்கிற ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றோட கொண்டு போகணும். 50 சிசி டெஸ்டுக்குப் பக்கத்து வீட்டு எக்ஸ்எல் 100-ல போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. வண்டிப் பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே எல்எல்ஆர் எடுத்தா அது காலாவதி ஆகிடும்.

பழகும்போது முன்னாலயும் பின்னாலயும் 18 செமீ சதுரத்துல வெள்ளை மேல சிவப்பு எல். பின்சீட்ல சொல்லிக் குடுக்கிறவர் தவிர யாரும் உட்காரக் கூடாது. தோழியை ஏத்திக்கிட்டு டியூஷன் போறது எல்எல்ஆர்ல கிடையாது. ஹெல்மெட் கட்டாயம், இல்லைன்னா 1,000 ரூபாய்.

அமராவதிக்கரை:
ரொம்ப நன்றிங்க. செலவும் அலைச்சலும் பயமா இருக்கு. பேட்டரி ஸ்கூட்டர் சுலபமோன்னு தோணுது. இன்னைக்கு ஷோரூம்ல திரும்பப் பார்த்தேன். ஹேண்டில்பார்ல 1, 2, 3-னு ஸ்பீடு பட்டன். சீட்டுக்கு அடியில கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற பெட்டி) மேல 48 வோல்ட், அதிகபட்சம் 17 ஆம்பியர்னு இருக்கு. சர்டிபிகேட் ஜெராக்ஸ் குடுத்தாங்க. அதுல இருக்கிற மாடல் பேரும் வண்டியில ஒட்டியிருக்கிற பேரும் வேற வேற. கேட்டா "ஒரே வண்டிதான், பேர் மட்டும் மாத்திட்டோம்"ங்கறாங்க.

கன்ட்ரோலர்காரன்:
வாங்காதீங்க. காரணத்தைச் சொல்றேன்.

பேட்டரி வண்டிக்கு விலக்கு தர்றது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல விதி 2(யு). மோட்டாரோட 30 நிமிஷத் திறன் (அரை மணி நேரம் விடாம தரக்கூடிய சக்தி) 250 வாட்டுக்குக் கீழ, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிமீக்குக் கீழ, பேட்டரி நீங்கலா எடை 60 கிலோவுக்கு மேல போகக் கூடாது, முன்னால வெள்ளை பின்னால சிவப்பு ரிஃப்ளெக்டர், சரியான பிரேக். ஜனங்க விட்டுடுற வரி இன்னொண்ணு இருக்கு: இதையெல்லாம் விதி 126-ல சொன்ன சோதனை நிறுவனம் சரிபார்த்து ஒப்புதல் தந்திருக்கணும். புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், நம்ம ஒரகடம் பக்கம் இருக்கிற ஜிஏஆர்சி மாதிரி இடங்கள். "250 வாட்"னு ஸ்டிக்கர் ஒட்டினா விலக்கு வந்துடாது. அந்த மாடல், அந்த வேரியண்ட் பேர்ல ஒப்புதல் இல்லைன்னா அது பதிவில்லாத மோட்டார் வாகனம். ஓட்டுறது உங்க பொண்ணு. அப்புறம் 199ஏ-தான்.

நீங்க சொன்ன லேபிளையே எடுத்துக்குவோம். 48-ஐ 17-ஆல பெருக்குங்க, 816 வாட் வருது. உச்ச மின்னோட்டமும் 30 நிமிஷத் திறனும் ஒண்ணு இல்லைதான், ஆனா 250 வாட் வண்டிக்கு இவ்ளோ பெரிய கன்ட்ரோலர் எதுக்கு? மூணு ஸ்பீடு பட்டன்ல 3-ஐ அழுத்தி, ஆள் நடமாட்டமில்லாத சம ரோட்டுல ஷோரூம்காரரையே ஓட்டச் சொல்லி ஃபோன் ஜிபிஎஸ்ல வேகம் பாருங்க. சென்டர் ஸ்டாண்ட்ல சக்கரத்தைச் சுத்த விட்டுப் பார்க்காதீங்க. லோடு இல்லாதப்ப எப்பவும் கூடத்தான் காட்டும்.

இன்னொரு தந்திரமும் நடக்குது. பல சாதாரணக் கன்ட்ரோலர்ல ஒரே நிறத்துல ரெண்டு ஒற்றை ஒயர், பெரும்பாலும் வெள்ளை, ஒண்ணோட ஒண்ணு செருகியிருக்கும். அதுதான் வேகக் கட்டுப்பாடு. "டெலிவரி அன்னைக்கு இதைப் பிடுங்கிட்டா 40 போகும்"னு கடைக்காரரே சொல்லிக் குடுப்பார். பிடுங்கின நிமிஷத்துல இருந்து விலக்கு போச்சு: ஆர்சி இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை.

மொபெட்_மணி:
அப்ப பச்சை நம்பர் பிளேட் போட்ட பெரிய இ-ஸ்கூட்டர்? அதுக்கு சிசியே கிடையாதே, 50-க்குக் கீழன்னு வெச்சுக்கலாமே?

எல்போர்டு:
அதே காரணத்தாலதான் ஆகாது அண்ணா. விலக்கு 50 சிசி எஞ்சினுக்கு. மோட்டாருக்கு சிசி பூஜ்யம்னு வாதாடி மகளோட லைசென்ஸைப் பணயம் வைக்க முடியாது. 18 ஆகட்டும்.

அமராவதிக்கரை:
சைக்கிள் கிட்? ஆன்லைன்ல 25 சிசி பெட்ரோல் எஞ்சின் கிட்டும் பார்த்தேன். 25 சிசி வரைக்கும் மோட்டார் வாகனமே இல்லைன்னு சொல்றாங்களே?

கன்ட்ரோலர்காரன்:
சட்டத்துல இருக்கிறது உண்மை. பிரிவு 2(28)-ல நாலு சக்கரத்துக்குக் கீழ, 25 சிசிக்கு மேல போகாத வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. ஆனா கிட் விக்கிறவங்க சொல்ற எண்ணை நம்பாம போர் (சிலிண்டரோட விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) பார்த்து நீங்களே கணக்குப் போடுங்க. "25 சிசி"ன்னு விக்கிற புல்வெட்டி எஞ்சின்ல பரவலா இருக்கிறது 34 மிமீ போர், 28 மிமீ ஸ்ட்ரோக். போர்ல பாதி 17, ஆக 17 × 17 × 3.1416 × 28 போட்டா 25,422 கன மிமீ, அதாவது 25.4 சிசி. வரம்பு தாண்டிடுச்சு! "80 சிசி" கிட் 47-க்கு 38, அது உண்மையில 65.9 சிசி. தாண்டின எதையும் பதிவு பண்ணவும் வழியில்லை, ஏன்னா டைப் அப்ரூவலே (அந்த மாடலுக்கான சோதனை நிறுவன ஒப்புதல்) இல்லை. இது போக, சாதாரண சைக்கிளோட ரிம் பிரேக்கும் ஃபோர்க்கும் எஞ்சின் வேகத்துக்குச் செஞ்சது இல்லை. 16 வயசுப் பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன்.

சக்கரத்துக்குள்ளயே மோட்டார் இருக்கிற ஹப் மோட்டார் கிட்டும் அதே கதை. மோட்டார் மேல 250 வாட்னு இருக்கும், கூட வர்ற 36 வோல்ட் கன்ட்ரோலர் 15 ஆம்பியர் விடும், 540 வாட் ஆகுது. எல்லாம் அளவுக்குள்ளயே இருந்தாலும் வீட்ல மாட்டினதுக்கு ஒப்புதல் கிடையாது.

உங்க 14 கிலோமீட்டருக்கு நான் சொல்றது, சான்று உள்ள கம்பெனி இ-சைக்கிள். பெடல் மிதிச்சாத்தான் மோட்டார் உதவணும், மிதிக்கிறதை நிறுத்தினா நிக்கணும், 25 கிமீ நெருங்க நெருங்கக் குறைஞ்சு அத்துப்போகணும். விதி கேக்குறது இதைத்தான், பிள்ளைக்கும் இதுதான் நல்லது. 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி பேட்டரின்னா 270 வாட்-மணி. மிதிச்சுக்கிட்டே போனா கிமீக்குச் சுமாரா 10 வாட்-மணி ஆகும். பேட்டரி பழசானாலும் ஒரு நாள் போய் வரக் காணும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனா போடச் சொல்லுங்க. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் இல்லைங்கறதால யார் மேலயாவது மோதினா நஷ்ட ஈடு உங்க கையிலிருந்துதான் போகும்.

அமராவதிக்கரை:
சரிங்க, இப்போதைக்கு இ-சைக்கிள். டிவிஎஸ் 50-ஐயும் விட மனசில்லை, பேப்பரைச் சரி பண்ணி வைக்கலாம்னு வாகன்ல நம்பர் போட்டேன். "பதிவு இல்லை"ன்னு வருது. வண்டியே ரத்தாயிடுச்சா?

படிவம்31:
உடனே அப்படி நினைக்காதீங்க. பழைய புக் ஆர்சி பலது கம்ப்யூட்டர்ல ஏறவே இல்லை. எந்த ஆபீஸ்ல பதிவாச்சோ அங்கேயே ஒரிஜினல் புக்கோட போய், பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து பேக்லாக் என்ட்ரி (விட்டுப்போன பழைய பதிவைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறது) போடச் சொல்லி எழுதிக் குடுங்க. அதுக்கப்புறம்தான் படிவம் 31-ம் 25-ம் ஆன்லைன்ல எடுக்கும். புக்கோட எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஒரிஜினலைக் குடுக்க வேண்டி வந்தா கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காம ஆபீஸை விட்டு வெளிய வராதீங்க.