செருப்பு ஊரில் சர்க்கரைக் காலுக்கு மெத்தை

ரங்கூன் மகள்:
அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கட்டைவிரலுக்குக் கீழே தோல் காய்த்துக் கெட்டிப்பட்டிருந்தது. மெட்ராஸில் டாக்டர் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வளையும் வரை அழுத்திப் பார்த்தார். 10 கிராம் அழுத்தமாம். பல இடத்தில் அப்பாவுக்குத் தொட்டதே தெரியவில்லை. பாதத்தை அச்செடுத்து உள்மெத்தை செய்து கொடுத்தார்கள். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவும். முன்பாத எலும்புகளின் தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன மேடும் உண்டு. எல்லாம் சரி, அது ஷூவுக்குள் போடுவது! ரங்கூனில் லுங்கி கட்டிக்கொண்டு யார் ஷூ போடுகிறார்கள்? மெத்தை பீரோவில் கிடக்கிறது.

பெகு தம்பி:
சாதா ஷூவிலும் திணிக்காதீர்கள் அக்கா. எங்கள் மாமா ஜெல் மெத்தை வாங்கி ஆபீஸ் ஷூவில் போட்டார். மேலே இடம் குறைந்து விரல் உரசிக் கொப்புளம். அவருக்கு வலிக்கவே இல்லை, சாக்ஸில் ஈரம் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார். உள்ளே ஆழம் கூடிய ஷூ வேண்டும். புதுசை முதலில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் பாதம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

தட்டோன் அண்ணன்:
தங்கச்சி, எம்சிஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குங்கள். மிருதுவான ரப்பர் அடி. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் மரத்த காலுக்காகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மரத்த கால் எந்த நோயால் வந்தாலும் ஆபத்து ஒன்றுதான். நான் வீட்டுக்குள்ளும் அதைத்தான் போடுகிறேன். பின்வார் உள்ளதாகப் பாருங்கள். விரலிடுக்கு வார் வேண்டாம், அது அறுத்தாலும் நமக்குத் தெரியாது.

ரங்கூன் மகள்:
வீட்டுக்குச் சரி அண்ணா. கோயிலுக்கு? அப்பாவுக்குப் பீலிக்கான் அம்மன் கோயில் தீமிதி என்றால் உயிர். "அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்கிறார். அம்மாவும் அவர் பக்கம்.

மோல்மீன் அக்கா (நர்ஸ் வேலை பார்த்தவள்):
தீ மிதிக்கக் கூடாது, இதில் பேச்சே இல்லை. சூடு தெரியாத கால் வெந்த பிறகும் நடக்கும். ஷ்வேடகோன் புத்தர் கோயில் பளிங்குத் தரையும் மத்தியான வெயிலில் அப்படித்தான். அங்கே சாக்ஸும் கழற்ற வேண்டும். விடியற்காலையில் கூட்டிப் போங்கள், திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள்.

இன்னொன்று. மெத்தை புண் வராமல் காக்கத்தான். புண் வந்துவிட்டால் டாக்டரிடம் ஓடுங்கள். அதற்குப் பாரத்தை முழுக்க இறக்குகிற மாவுக்கட்டு மாதிரி வேறு வைத்தியம் இருக்கிறது. காய்த்த தோலை வீட்டில் பிளேடால் சீவ விடாதீர்கள். மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். எழும்பி வராவிட்டால் அதன் வேலை முடிந்தது.

ரங்கூன் மகள்:
சரி அக்கா. மெட்ராஸ் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அந்தச் செருப்பு வாங்கி வர அப்பா காலைத் தாளில் வரைந்து அனுப்புகிறேன்.

தட்டோன் அண்ணன்:
தாள் நீள அகலம்தான் காட்டும். அடியில் எங்கே அழுத்துகிறது என்று அதற்குத் தெரியாது. அப்பாவையே கூட்டிப் போங்கள் தங்கச்சி.