என்எஃப்1 கட்டி செல்லைத் தட்டில் வளர்ப்பது: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது?

வேர்க்கிழங்கு:
என்எஃப்1 (நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1, நரம்புகளில் கட்டி வளரும் மரபு நோய்) பற்றிய எந்தப் பேச்சிலும் "நோயாளி செல்லை வளர்த்துப் பயனில்லை, நோயை உண்டாக்கிய ஆய்வக எலியே போதும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்த நோய் உள்ளவரின் உடலில் 17ஆம் குரோமோசோமிலுள்ள என்எஃப்1 மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. நியூரோஃபைப்ரோமா என்ற நரம்புக் கட்டி வளர, ஒரு ஷ்வான் செல்லில் (நரம்பிழையைச் சுற்றியிருக்கும் செல்) மற்றப் பிரதியும் போகவேண்டும். அந்த இரண்டாவது பிறழ்வு எது என்பதை முழுக் கட்டியை அரைத்து எடுத்த டிஎன்ஏவில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுச் செல்), மாஸ்ட் செல் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்), ரத்தக்குழாய்ச் செல் எல்லாமே ஒரு நல்ல பிரதியோடு உள்ளே கலந்திருக்கின்றன. 2000இல் எடுவர்ட் செராவும் கூட்டாளிகளும் ஷ்வான் செல்லைப் பிரித்து வளர்த்தார்கள். பிறழ்வு ஷ்வான் செல்லில்தான் இருக்கிறது, அதிலும் ஒரே கட்டிக்குள் இரு பிரதியும் போனவை, ஒரு பிரதி மிஞ்சியவை என இரண்டு வகை ஷ்வான் செல்கள் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. எலி இதைச் சொல்லியிருக்காது.

மாறன்17:
மரபணுக் கேள்விக்கு அது சரி. மருந்துக் கேள்விக்கு வாருங்கள். மெக் தடுப்பான் (ராஸ் பாதை எனும் வளர்ச்சிச் சமிக்ஞைத் தொடரை அடக்கும் மருந்து) கட்டியைச் சுருக்கும் என்பது 2013இல் எலியில் தெரிந்தது. பிறகு செலுமெடினிப் என்ற மெக் தடுப்பானின் சோதனையில் 50 குழந்தைகளில் 35 பேருக்குக் கட்டி குறைந்தது, 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதில் தட்டு எங்கே வந்தது? உங்கள் மீடியத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவம்) 10% சீரம், ஷ்வான் செல்லைப் பெருகத் தூண்டும் ஹெரிகுலின், ஃபோர்ஸ்கோலின் எல்லாம் ஊற்றுகிறீர்கள். ஹெரிகுலினே ராஸ் பாதையைத் தூண்டிவிடுகிறது. ராஸை அடக்கிவைக்கும் நியூரோஃபைப்ரோமின் (என்எஃப்1 மரபணுவின் புரதம்) இல்லாததால் வந்த தூண்டல் எவ்வளவு, மீடியத்தால் வந்தது எவ்வளவு, எப்படிப் பிரிப்பீர்கள்? நரம்பிழை கிடையாது, மாஸ்ட் செல் கிடையாது. அந்தச் சூழல் இல்லாமல் அது கட்டியே இல்லை.

வேர்க்கிழங்கு:
மாஸ்ட் செல்லை வைத்தே பதில் சொல்கிறேன். 2008இல், மாஸ்ட் செல்லை அடக்கும் இமாட்டினிப் என்ற மருந்து எலியில் அருமையாக வேலை செய்தது. 2012இல் மனிதரில் மதிப்பிட முடிந்த 23 பேரில் 6 பேருக்குத்தான் கட்டி 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. எலிக்கும் எல்லை உண்டு.

தாமரைக்குளம்:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. தோல் கட்டியிலிருந்து வளர்க்கும்போது மூன்றாவது பாஸேஜுக்குள் (செல்லைப் பெயர்த்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) தட்டு முழுக்க ஃபைப்ரோபிளாஸ்ட் ஆகிவிடுவதை எப்படித் தடுப்பது?

வேர்க்கிழங்கு:
முதலில் தோலையும் கொழுப்பையும் கவனமாக நீக்குங்கள், ஃபைப்ரோபிளாஸ்ட் அங்கிருந்தும் வருகிறது. மீதியை 1 மி.மீ. துண்டுகளாக வெட்டி, மில்லிக்கு 160 யூனிட் கொலாஜினேஸ், 0.8 யூனிட் டிஸ்பேஸ் என்ற திசுவைக் கரைக்கும் நொதிகளைக் கலந்து 37 டிகிரியில் ஓர் இரவு விடவேண்டும். தட்டுக்கு முன்பே பாலி-லைசின் (மில்லிக்கு 0.1 மி.கி.), அதன்மேல் லாமினின் (மில்லிக்கு 4 மைக்ரோகிராம்) பூசியிருக்கவேண்டும். பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் ஷ்வான் செல் சரியாக ஒட்டாது, ஃபைப்ரோபிளாஸ்ட் தாராளமாக ஒட்டும். மீடியத்தில் சீரத்தோடு ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், இன்சுலின் மில்லிக்கு 2.5 மைக்ரோகிராம், ஹெரிகுலின் 10 நானோமோலார், ஃபோர்ஸ்கோலின் 0.5 மைக்ரோமோலார்.

ஃபோர்ஸ்கோலினில்தான் பலர் தவறுகிறார்கள். (சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கின் சரக்குதான் அது.) 24 மணி நேரம் கொடுத்து, பிறகு இரண்டு மூன்று நாள் ஃபோர்ஸ்கோலின் இல்லாத மீடியத்துக்கு மாற்றி, மறுபடி கொடுக்கும் சுற்று வேண்டும். நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நல்ல பிரதி உள்ள ஷ்வான் செல்லே மேலோங்கி, தேடி வந்த கட்டிச் செல் காணாமல் போகும். பெயர்க்கும்போது டிரிப்சினை (செல்லைத் தட்டிலிருந்து விடுவிக்கும் நொதி) நீண்ட நேரம் விடாதீர்கள். ஷ்வான் செல் சீக்கிரம் விடும், ஃபைப்ரோபிளாஸ்ட் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் எடுத்துவிடவேண்டும்.

மாறன்17:
இவ்வளவு செய்தும், கையில் இருப்பது கட்டிச் செல்தான் என்பதற்கு என்ன சான்று? எஸ்100 (ஷ்வான் செல்லின் அடையாளப் புரதம்) சாயம் ஏறினால் ஷ்வான் செல் என்று மட்டும்தான் தெரியும். ஒரு பிரதி போனதா, இரண்டும் போனதா என்பதை அது காட்டாது.

வேர்க்கிழங்கு:
சாயத்தோடு நிறுத்துபவர்களைக் குறை சொல்வது நியாயம். இரண்டாவது பிறழ்வை வரிசையறிந்து படித்த டிஎன்ஏ பிரதிகளில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்கவேண்டும். புள்ளிப் பிறழ்வாக இருந்து, வளர்ப்பு முழுக்கக் கட்டிச் செல்லாக இருந்தால் 50% வரும். 20% வந்தால் தட்டில் 40% செல்தான் கட்டிச் செல், மீதி வேறு. நல்ல பிரதி இருந்த பகுதியே கழன்றிருந்தால் பிறவிப் பிறழ்வின் விகிதம் 50ஐத் தாண்டி 100 நோக்கி ஏறும். ஒவ்வொரு பாஸேஜிலும் இதைப் பார்த்து, கூடிய சீக்கிரம் உறையவைத்துவிடவேண்டும். இந்தச் செல்கள் சில பாஸேஜில் ஓய்ந்துவிடும்.

தாமரைக்குளம்:
நிரந்தரமாக்கிய செல் வரிசைகளை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே? 2016இல் மனித டெலோமரேஸும் (செல் முதுமையைத் தடுக்கும் நொதி) எலியின் சிடிகே4உம் (செல் சுழற்சியை ஓட்டும் நொதி) சேர்த்து உருவாக்கியவை இருக்கின்றனவே.

மாறன்17:
சிடிகே4 ஏற்றிய செல்லில் செல் சுழற்சித் தடுப்பானைச் சோதித்தால் விடையை நீங்களே எழுதிவைத்த மாதிரி. மெக் தடுப்பானுக்கு அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஒரு வரிசையின் முடிவை மட்டும் நம்பாதீர்கள்.

வேர்க்கிழங்கு:
இதில் உடன்பாடு. என் வழி: ஒரே கட்டியிலிருந்து இரு பிரதியும் போன செல்லையும் ஒரு பிரதி உள்ள செல்லையும் தனித்தனியே வளர்த்து ஜோடியாக ஒப்பிடுவது. நோயாளி, மீடியம், ஹெரிகுலின் எல்லாம் ஒன்று, வேறுபடுவது அந்த ஒரு பிரதிதான். மீடியம் குறித்து நீங்கள் எழுப்பிய கேள்விக்கு இதுதான் விடை. மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் பாஸ்போ-எர்க் (ராஸ் பாதை இயங்குவதைக் காட்டும் புரதம்) குறைகிறதா பார்க்கவேண்டும். செல் எண்ணிக்கையை 72 மணி நேரத்தில் முடித்துவிடக் கூடாது. மெதுவாகப் பெருகும் செல், மருந்தும் கொல்வதைவிட வளர்ச்சியைத்தான் நிறுத்தும், வேறுபாடே தெரியாது.

மாறன்17:
ஜோடி என்றால் ஏற்கிறேன், பாதை அடங்குகிறதா என்ற அளவுக்கு மட்டும். அந்தத் தரவை வைத்து "கட்டி சுருங்கும்" என்று ஒரு வரி எழுதினாலும் எதிர்ப்பேன்.

வேர்க்கிழங்கு:
எழுதமாட்டேன். ஆனால் தட்டு இல்லாமல் முடியாத ஒன்றும் இருக்கிறது. உடலின் ஒரு பகுதியில் மட்டும் நோய் தெரியும் மொசைக் நோயாளியின் (சில செல்களில் மட்டும் பிறழ்வு உள்ளவர்) ரத்தத்தில் பிறழ்வு காணாமலே போகலாம். இரண்டு கட்டிகளின் ஷ்வான் செல்லைத் தனித்தனியே வளர்த்து, இரண்டிலும் பொதுவாக இருக்கும் பிறழ்வைக் கண்டுபிடித்தால்தான், பிள்ளைக்கு வருமா என்று கேட்பவருக்குச் சோதித்துச் சொல்ல ஒரு குறி கிடைக்கும். இதற்கு எந்த எலி உதவும்?