சித்தப்பா நாலாம் நாளே லினக்ஸைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார், எங்கே கோட்டை விட்டேன்?

தங்கச்சிமடம் நண்டு:
வணக்கம். சித்தப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வரவு செலவு, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் மகன் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு மடிக்கணினியில்தான். அதில் விண்டோஸோடு, அதைப் போலவே கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸில் ஒரு வகை, பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை செய்தது. வீட்டில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நின்றுபோனது, இந்தப் பழைய பெட்டியில் 11 ஏறாது. சரி, மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகெல்லாம் கரையில், எனக்கும் வேலை குறைவு என்று லினக்ஸ் மின்ட் சின்னமன் போட்டுக் கொடுத்தேன், பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும் லினக்ஸ் வகை அது. மெனு இடது கீழ் மூலையில், வால்பேப்பர்கூட அவருடைய பழைய வேளாங்கண்ணி மாதா படம்தான்.

நாலாம் நாள் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். பிரவுசர் திறந்தால் ஏதோ பாஸ்வேர்டு கேட்கிறதாம், தமிழ் அடித்தால் கண்டபடி வருகிறதாம், பென் டிரைவில் ஏற்றிய கணக்கு ஜெராக்ஸ் கடையில் திறந்தால் காலியாம். "இது நமக்கு ஆகாதுப்பா, பழசையே போட்டுக் குடு." தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மூன்று நாள் மெனக்கெட்டதே அதற்குத்தான்! உபுண்டு, சோரின் என்று வேறு லினக்ஸ் வகைக்கு மாற்றிப் பார்க்கலாமா?

கீழக்கரை காக்கா:
தம்பி, மாற்றாதே. எதைப் போட்டாலும் இந்த மூன்றும் வரும். நானும் ஜெராக்ஸ் கடைதான் வைத்திருக்கிறேன், காலியான பென் டிரைவோடு வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார்.

நடப்பது இதுதான். லினக்ஸ் கோப்பை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, பென் டிரைவில் நிதானமாக எழுதும். திரையில் ஓடும் பட்டையோ அதற்கு முன்பே முடிந்துவிடும். மீன் பெட்டி ஜெட்டியில் இறங்கியதுமே லாரியில் ஏறிவிட்டதாகக் கணக்கு எழுதுகிற மாதிரி. சித்தப்பா அந்த நேரத்தில் பிடுங்கியிருப்பார். கோப்புகள் சாளரத்தில் பென் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், அதை அழுத்தி, எடுக்கலாம் என்று வந்த பிறகு எடுக்கச் சொல். ஆனால் குற்றம் அவர் மேல் இல்லை. முடிந்தது என்று சொன்னால் முடிந்திருக்க வேண்டும், முடியாததை முடிந்தது என்று காட்டுகிற பட்டையைச் செய்துவிட்டு, புதியவருக்குப் பொறுமை இல்லை என்று நாம் சொல்லக் கூடாது.

இன்னொன்று, அவர் கணக்கு எழுதும் லிப்ரே ஆபீஸ் செட்டிங்கில் சேமிக்கும் வடிவத்தை எக்ஸெலுக்கு மாற்றி வை. அது வழக்கமாகச் சேமிப்பது ஓடிஎஸ் வடிவத்தில், கடைகளில் சில பேர் அந்தக் கோப்பைப் பார்த்தாலே வைரஸ் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

கருப்புத்திரை:
இதுக்கெல்லாம் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் கருப்புச் சாளரத்தில், ஒரே வரி போதும். ஒரு வாரம் பழகினால் யாருக்கும் வரும், நாங்களெல்லாம் அப்படித்தான் கற்றோம்.

கீழக்கரை காக்கா:
நாமெல்லாம் ஆசைப்பட்டுக் கற்றோம் தம்பி. அவருக்குக் கருவாடு விற்க வேண்டும்.

தொண்டி டீச்சர்:
தமிழ் தட்டச்சுக்கு வருகிறேன், இது எனக்கே பழைய காயம். கீபோர்டு சேர்க்கப் போனால் தமிழ் என்று ஒன்று இருக்காது, ஒரு பட்டியலே இருக்கும். இன்ஸ்கிரிப்ட், தமிழ்நெட் 99 என்று விசை அமைப்புகள், அதிலேயே தமிழ் எண்களோடு ஒன்று, அப்புறம் டாப், டிஸ்கி என்று, இன்று எங்கும் பொதுவாக இருக்கும் யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் குறியாக்கங்கள் வேறு. இதில் டாபையோ டிஸ்கியையோ தொட்டால் குப்பைதான் வரும். இன்றைக்கு அது யாருக்கு வேண்டும்? ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நெட் 99-ஐ எடுத்தாலும் விசைக்கு ஓர் எழுத்து என்றுதான் வேலை செய்யும், தானாகப் புள்ளி வைக்காது. ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுப் பொதியை நிறுவி அதிலுள்ள தமிழ்99-ஐப் போடு.

அதற்கு முன்னால் ஒன்று கேள், சித்தப்பா இதுவரை எதில் அடித்தார்? பாமினி என்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு என்றால் பழைய கணக்கெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், பயந்தே போயிருப்பார். அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுவினால் பழசு தெரியும். புதிதாக அடிப்பது யூனிகோடில் இருக்கட்டும்.

மெனுவைத் தமிழில் வைத்திருக்கிறாயா? என் பிள்ளைகள் கோப்பு, சேமி என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கடை வைத்திருக்கும் பெரியவர்கள் அப்படி இல்லை, அவர்களுக்கு சேவ், பிரின்ட்தான் தமிழ். பாதி மொழிபெயர்த்து பாதி விட்டிருந்தால் அதைவிடக் கொடுமை.

தங்கச்சிமடம் நண்டு:
டீச்சர் சொன்னது அப்படியே சரி, பாமினிதான். மெனுவையும் ஆங்கிலத்துக்கே மாற்றிவிட்டேன், நிம்மதி என்றார்.

பாஸ்வேர்டு விஷயம் என் தப்பு. அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று ஆட்டோ லாகின் போட்டிருந்தேன். உள்ளே நுழையும்போது பாஸ்வேர்டு அடித்தால்தான் கீரிங், அதாவது சேமித்த பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் பெட்டி, தானாகத் திறக்கும், அடிக்காததால் பிரவுசர் திறக்கும்போது தனியாகக் கேட்டிருக்கிறது. கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக விடலாம்தான், ஆனால் சேமித்த பாஸ்வேர்டுகளுக்குப் பூட்டே இருக்காது. ஆட்டோ லாகினையே எடுத்துவிட்டேன், காலையில் ஒரு தடவை அடிக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம், நேற்று மவுஸைத் தொடாமல் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷைத் தேடுகிறார். எதுக்கு சித்தப்பா என்றால், "அது பண்ணினாத்தான் கம்ப்யூட்டர் மூச்சு விடும்" என்கிறார். இதற்கு எந்த செட்டிங்கை மாற்றுவது காக்கா?

கீழக்கரை காக்கா:
எஃப்5 அழுத்தச் சொல். மூச்சு விடட்டும்.

தங்கச்சிமடம் நண்டு:
சொல்லிவிட்டேன், அழுத்திக்கொண்டே இருக்கிறார். இனி பிரின்டர்தான் பாக்கி, அதற்கு லினக்ஸ் டிரைவர் தேடி இரண்டு நாளாக அலைகிறேன், மாடல் எண்ணோடு தனியாகக் கேட்கிறேன்.